மணிக்கட்டு எக்ஸ்ரேயில் இல்லாத ஒரு கோடு

வண்டியிலிருந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுவார்கள். மணிக்கட்டு வீங்கும், எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு முறிவு இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் நிம்மதி. ஆனால் சிலருக்கு அதற்கு அடுத்த வரியிலேயே இன்னொன்றும் எழுதியிருக்கும்: லூனேட்–ட்ரைக்விட்ரம் கோயலிஷன். மணிக்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அதைப் படித்ததும் வீட்டில் ஆளுக்கொரு கேள்வி. எலும்பு ஒட்டிப்போச்சாமே, ஆபரேஷன் பண்ணணுமா, கை மடங்காமப் போயிடுமா?

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பயம் தேவையே இல்லை. முழுசாக இணைந்துவிட்ட எலும்பு பொதுவாக எந்தத் தொந்தரவும் தராது. பாதி இணைந்து பாதி விட்டுப்போன எலும்புதான் வலியைக் கொடுக்கும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும், இது புரிந்துவிட்டால் அந்த ரிப்போர்ட்டில் உள்ள மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எட்டு எலும்புகளும் அவற்றின் அசைவும்

முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு நீள எலும்புகள். உள்ளங்கையில் ஐந்து. இவற்றுக்கு நடுவே எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கின்றன. முன்கையை ஒட்டிய வரிசையில், கட்டைவிரல் பக்கத்திலிருந்து சொன்னால், ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்விட்ரம், பிசிஃபார்ம். விரல்கள் பக்கத்து வரிசையில் டிரபீசியம், டிரபீசாய்டு, கேபிடேட், ஹேமேட். எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். லூனேட் நடுவில் இருக்கிறது, ட்ரைக்விட்ரம் அதற்கு அடுத்து சுண்டுவிரல் பக்கமாக இருக்கிறது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

இதைச் சொந்தக் கையிலேயே தொட்டுப் பார்க்கலாம். உள்ளங்கையும் மணிக்கட்டும் சேரும் இடத்தில் உள்ள ரேகைக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் பக்கம் விரலால் அழுத்துங்கள். உருண்டையாக ஒன்று தட்டுப்படும். கையைத் தளர்த்தி மணிக்கட்டை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு அதைப் பக்கவாட்டில் தள்ளினால் கொஞ்சம் நகரவும் செய்யும். அதுதான் பிசிஃபார்ம். அதற்கு நேர் பின்னால், புறங்கையை நோக்கி இருப்பது ட்ரைக்விட்ரம். அங்கிருந்து மணிக்கட்டின் நடுப்பகுதிக்கு வந்தால் லூனேட்.

சரி, இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் கை எப்படி மடங்கும்? மணிக்கட்டின் பெரிய அசைவுகள் இரண்டு இடங்களில் நடக்கின்றன. ஒன்று, முன்கை எலும்புக்கும் முதல் வரிசைக்கும் நடுவில். மற்றது, முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவில். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எலும்புகளுக்கு இடையே நடப்பது சின்னச் சின்ன அசைவுதான். அதிலும் லூனேட்டும் ட்ரைக்விட்ரமும் பலமான ஜவ்வுகளால் கட்டப்பட்டு, ஏறக்குறைய ஒன்றாகவே நகர்கின்றன. ஆகவே அவை ஒரே எலும்பாக இருந்தாலும் கையின் அசைவில் குறைவது மிகக் கொஞ்சம்தான். மாவு பிசைவது, வண்டி ஓட்டுவது, கிரிக்கெட் மட்டை பிடிப்பது எல்லாம் வழக்கம்போல நடக்கும். தன் கையில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் வாழ்நாள் முழுக்க இருப்பவர்கள்தான் அதிகம்.

பிரியாமல் போவது எப்படி

கருவில் கை உருவாகத் தொடங்கும்போது இந்த எலும்புகள் எலும்பாக இருப்பதில்லை. முதலில் குருத்தெலும்பால் ஆன அச்சுகள் உருவாகும். கருவின் நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள், எந்த இடத்தில் மூட்டு வர வேண்டுமோ அந்த இடத்தில் உள்ள செல்கள் மடிந்து வழிவிடும். அங்கே ஓர் இடைவெளி விழும், அதுவே பின்னால் மூட்டாகும். லூனேட்டுக்கும் ட்ரைக்விட்ரத்துக்கும் நடுவில் இந்தப் பிரிவினை நடக்காமல் நின்றுவிட்டால், இரண்டுக்கும் ஒரே குருத்தெலும்பு அச்சாகிவிடுகிறது. அதனால்தான் இதை “ஒட்டிப்போனது” என்று சொல்வதைவிடப் “பிரியாமல் நின்றது” என்று சொல்வது சரி. தனித்தனியாக இருந்து, அப்புறம் நோய் வந்து ஒட்டியது அல்ல. முதலிலிருந்தே ஒன்று. அம்மா கர்ப்பமாக இருந்தபோது எதையோ தின்றதால், எங்கோ இடித்துக்கொண்டதால் என்றெல்லாம் யாரும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஏற்கெனவே ஓர் இணைப்பு நடந்திருக்கிறது. மனிதக் கருவில் சென்ட்ரேல் என்ற சின்னக் குருத்தெலும்பு ஒன்று தனியாகத் தோன்றி, பிறப்பதற்கு வெகு முன்பே ஸ்கேஃபாய்டோடு சேர்ந்துவிடுகிறது. கொரில்லா, சிம்பன்ஸி குரங்குகளுக்கும் இப்படித்தான். ஒராங்குட்டானுக்கு அது கடைசிவரை தனி எலும்பாகவே நிற்கிறது. நாய்க்கும் பூனைக்கும் ஸ்கேஃபாய்டும் லூனேட்டுமே ஒரே எலும்பு. மணிக்கட்டு எலும்புகள் சேர்வதும் பிரிவதும் பாலூட்டிகளின் வரலாறு முழுக்க நடந்துவந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்துக் கலங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை விளக்கத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எக்ஸ்ரே வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, 1779-ல், நெதர்லாந்தின் லைடன் நகர உடற்கூறியலாளர் எட்வர்ட் சாண்டிஃபோர்ட் இப்படி இணைந்த மணிக்கட்டு எலும்புகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அப்போதெல்லாம் இறந்த உடலை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். 1895 டிசம்பரில், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் உயிரோடு இருப்பவர்களின் கை எலும்புகளைப் பார்க்கும் வழி பிறந்தது. இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்ற கணக்கும் அதற்குப் பின் வந்ததுதான்.

மணிக்கட்டில் எந்த இரண்டு எலும்புகளும் இப்படிச் சேர்ந்திருக்கலாம் என்றாலும், லூனேட்–ட்ரைக்விட்ரம் ஜோடிதான் முதலிடம். அடுத்தது கேபிடேட்–ஹேமேட். பொதுவாக ஆயிரம் பேரில் ஒருவருக்கு லூனேட்–ட்ரைக்விட்ரம் இணைப்பு இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது பல மடங்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒரு கையில் இருந்தால் மறு கையிலும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

படத்தில் எதைப் பார்க்க வேண்டும்

எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரியும், குருத்தெலும்பு தெரியவே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் படத்தைத் தப்பாகப் படித்துவிடுவோம். இரண்டு எலும்புகளுக்கு நடுவே தெரியும் கருங்கோடு வெற்றிடம் அல்ல. இரண்டு எலும்புகளின் முனையையும் மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு அங்கேதான் இருக்கிறது. அதன் தடிமன்தான் அந்தக் கோட்டின் அகலம். பெரியவர்களுக்கு அது சுமார் 2 மில்லிமீட்டர், அல்லது அதற்கும் குறைவு.

உள்ளங்கையைக் கீழே வைத்து நேராக எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசையில் ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவே ஒரு கருங்கோடு. லூனேட்டுக்கும் ட்ரைக்விட்ரத்துக்கும் நடுவே இன்னொன்று. முழு இணைப்பு உள்ளவரின் படத்தில் இந்த இரண்டாவது கோடு இருக்காது. ஒரு பெரிய எலும்பு மட்டும் நீளவாக்கில் படுத்திருக்கும். கோடு இல்லை என்பதோடு நிறுத்திவிடாமல், எலும்புக்குள்ளும் பார்க்க வேண்டும். எலும்பின் உள்ளே டிரபெக்குலா எனப்படும் மெல்லிய வரிகள் பின்னியிருக்கும். பிறவி இணைப்பில் அந்த வரிகள் லூனேட் பக்கத்திலிருந்து ட்ரைக்விட்ரம் பக்கத்துக்கு இடைவிடாமல் ஓடும். நடுவில் தழும்பு மாதிரி எதுவும் தெரியாது. வெளி விளிம்பும் வழவழவென்று இருக்கும்.

சிலருக்கு விரல்கள் பக்கமாக ஒரு சின்னப் பள்ளம் தெரியும். வாழைத் தாரில் சில சமயம் இரட்டைப் பழம் கிடைக்குமே, அடியில் ஒன்றாகவும் நுனியில் பிளந்தும் இருக்கும், கிட்டத்தட்ட அந்த உருவம். பள்ளம் சிலருக்கு ஆழமாக இருக்கும், சிலருக்குத் தேடினால்தான் தெரியும். அது முறிவு அல்ல, பிளவும் அல்ல. இரண்டு எலும்புகளாக ஆகியிருக்க வேண்டிய இடத்தின் அடையாளம்.

மணிக்கட்டுப் படத்தைப் படிக்கும் டாக்டர்கள் மனதுக்குள் மூன்று வளைவுகளை வரைந்து பார்ப்பார்கள். கிலுலா வளைவுகள் என்று பெயர். முதல் வரிசையின் முன்கைப் பக்க விளிம்பு ஒன்று, அதே வரிசையின் விரல் பக்க விளிம்பு ஒன்று, கேபிடேட்–ஹேமேட் எலும்புகளின் முன்கைப் பக்க விளிம்பு ஒன்று. எலும்பு இடம் நழுவியிருந்தால் இந்த வளைவுகள் உடைந்து தெரியும். பிறவி இணைப்பில் அவை உடையாமல் ஓடும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது, விழுந்து அடிபட்டு வந்தவர்கள் விஷயத்தில் முக்கியமாக. லூனேட்–ட்ரைக்விட்ரம் இணைப்பு உள்ள பலருக்கு, மறு பக்கத்தில் ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவே உள்ள கோடு வழக்கத்தைவிட அகலமாக இருக்கும். சாதாரணமாக அந்த இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கே ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். ஜவ்வுக் கிழிசல் பெரிய விஷயம், ஆபரேஷன் வரை போகக்கூடியது. ஆனால் எலும்பு இணைப்பு உள்ளவருக்கு ஜவ்வு நல்லபடியாக இருந்தும் அந்த இடைவெளி அகலமாகத் தெரியலாம். பக்கத்திலேயே இருக்கும் இணைப்பைக் கவனிக்காமல் அகலத்தை மட்டும் அளந்தால், இல்லாத கிழிசலுக்கு வைத்தியம் தொடங்கிவிடும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சுலபமான வழி மற்ற கையையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. அடிபடாத கையிலும் அதே இணைப்பு, அதே அகலம் என்றால் அது அவருடைய உடம்பின் அமைப்பு. அப்படியும் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து ஜவ்வையே பார்த்துவிடலாம்.

எதிர்ப்பக்கப் பொறியும் உண்டு. கை கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒரு எலும்பின் நிழல் மற்றதன் மேல் விழுந்து கோட்டை மறைத்துவிடும். இல்லாத இணைப்பு இருப்பதுபோலத் தோன்றும். ஒரே படத்தை வைத்து முடிவு சொல்லாமல் நேராக, பக்கவாட்டில், சாய்வாக என்று மூன்று படங்கள் எடுப்பது இதற்குத்தான்.

குழந்தைகளின் படம் தனிக் கதை. பிறக்கும்போது மணிக்கட்டு எலும்புகள் ஏறக்குறைய எல்லாமே குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அதனால் பச்சைக் குழந்தையின் எக்ஸ்ரேயில் மணிக்கட்டு காலியாகத் தெரியும். முதல் சில மாதங்களில் கேபிடேட்டும் ஹேமேட்டும் புள்ளிகளாகத் தோன்றும். ட்ரைக்விட்ரம் இரண்டு மூன்று வயதில், லூனேட் நான்கு வயதை ஒட்டி, கடைசியாகப் பிசிஃபார்ம் எட்டு வயதுக்கு மேல். ஆகவே ஐந்து வயதுக் குழந்தைக்குப் பிறவியிலேயே இணைப்பு இருந்தாலும் படத்தில் இரண்டு தனி எலும்புகள் போலத்தான் தெரியும், ஏனென்றால் நடுவில் இருப்பது இன்னும் குருத்தெலும்பு. வளர வளர அது எலும்பாகி இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் ஒன்றைத் தொட்டு ஒன்று சேரும். சின்ன வயதில் எடுத்த படத்தில் இல்லாதது பதினைந்து வயதில் எப்படி வந்தது என்று குழம்பத் தேவையில்லை. முன்பும் இருந்தது, எக்ஸ்ரேயின் கண்ணுக்குத் தெரியவில்லை.

பாதி இணைப்புதான் வலிக்கும்

1952-ல் மினார் என்பவர் தென்னாப்பிரிக்க மக்களிடம் கண்ட லூனேட்–ட்ரைக்விட்ரம் இணைப்புகளை நான்கு வகையாகப் பிரித்தார். இன்றும் ரிப்போர்ட்டுகளில் “மினார் டைப்” என்று வருவது அதுதான். முதல் வகைதான் பாதி இணைப்பு: எலும்பு சேர்ந்திருக்காது, நடுவில் நாரோ குருத்தெலும்போ மட்டும் பிடித்திருக்கும். இரண்டாம் வகை எலும்பாகச் சேர்ந்து, மேலே சொன்ன பள்ளத்தோடு இருப்பது. மூன்றாவது முழு இணைப்பு. நான்காவது முழு இணைப்போடு மணிக்கட்டில் வேறு பிறவி மாற்றங்களும் இருப்பது.

வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வகைக்காரர்கள். காரணம் எளிது. அங்கே ஒழுங்கான மூட்டும் இல்லை, உறுதியான எலும்பும் இல்லை. மூட்டு என்றால் வழுக்கி அசைய நல்ல குருத்தெலும்பு வேண்டும், இவர்களுக்கு அது மெலிந்தும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். ஆனால் கொஞ்சம் அசைவு மட்டும் இருக்கும். வேலை செய்யும்போதெல்லாம் அந்த அரைகுறை இடம் உரசும். பல வருடங்கள் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் கையை ஊன்றி விழுந்ததும் அந்த நார்ப் பிடிப்பு விட்டுப்போய், அன்றிலிருந்து வலி தொடங்குவதும் உண்டு. வலி சுண்டுவிரல் பக்க மணிக்கட்டில் இருக்கும். பிழிந்து துணி காயப்போடும்போதும், இறுக்கிப் பிடித்துத் தூக்கும்போதும் கூடும்.

எக்ஸ்ரேயில் இந்த வகை எப்படித் தெரியும்? கோடு இருக்கும், ஆனால் ஒடுங்கி, நேராக இல்லாமல் கோணலாக இருக்கும். இரண்டு பக்க விளிம்பும் வழக்கத்தைவிட வெளுத்துத் தடித்திருக்கும். விளிம்புக்குள் சின்னச் சின்னக் கருங்குமிழ்கள் தெரியலாம். பார்த்தவுடன் மூட்டுத் தேய்மானம் என்றுதான் தோன்றும். ஆனால் மணிக்கட்டில் மற்ற மூட்டுகள் எல்லாம் நன்றாக இருக்க, லூனேட்–ட்ரைக்விட்ரம் நடுவில் மட்டும் தனியாகத் தேய்மானம் வருவது அபூர்வம். முப்பது வயதுக்காரருக்கு அந்த ஓர் இடத்தில் மட்டும் இப்படித் தெரிந்தால் பாதி இணைப்பை நினைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடத்தைச் சுற்றி எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது தெரியும், வலி அங்கிருந்துதான் வருகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. சுண்டுவிரல் பக்க வலிக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு, அல்னா முனையில் உள்ள குருத்தெலும்புத் தட்டு கிழிவது அவற்றில் முக்கியமானது. படத்தில் இணைப்பு தெரிகிறது என்பதாலேயே பழியை அதன்மேல் போட்டுவிட முடியாது.

வைத்தியம் வலிக்குத்தான், படத்துக்கு அல்ல. முழு இணைப்பு, வலியும் இல்லை என்றால் எதுவும் செய்யத் தேவையில்லை. பாதி இணைப்பு வலித்தால் முதலில் ஓய்வு, மணிக்கட்டுக்குப் பட்டை, வலி மாத்திரை, தேவைப்பட்டால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி. பலருக்கு இதிலேயே அடங்கிவிடும். மாதக்கணக்கில் அடங்காதவர்களுக்கு ஆபரேஷன் உண்டு. அதில் இரண்டு எலும்புகளையும் பிரிக்க மாட்டார்கள். நடுவில் உள்ள மோசமான குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்த எலும்புத் துணுக்கை வைத்து, ஸ்க்ரூ போட்டு இரண்டையும் நிரந்தரமாகச் சேர்த்துவிடுவார்கள். வைத்தியமே இணைப்பை முழுமையாக்குவதுதான்.

இணைந்ததெல்லாம் பிறவி அல்ல

மணிக்கட்டு எலும்புகள் பிற்பாடும் சேரலாம். குழந்தைகளுக்கு வரும் நீடித்த மூட்டுவாதம், பெரியவர்களின் ருமட்டாய்டு மூட்டுவாதம், சீழ் வைத்த மூட்டு, நம் நாட்டில் இன்னும் மறக்கக் கூடாத காசநோய், பழைய காயம் என்று காரணங்கள் பல. இவற்றைப் படத்தில் பிரித்துப் பார்க்க முடியும். நோயால் சேர்ந்த மணிக்கட்டில் ஒரு ஜோடி மட்டும் சேர்ந்திருப்பது குறைவு. பல எலும்புகள் நெருக்கியடித்து, மற்ற மூட்டுகளின் கோடுகளும் ஒடுங்கி, விளிம்புகள் அரிக்கப்பட்டு, எலும்பின் வெண்மையே மங்கிப்போயிருக்கும். வீங்கியது, சிவந்தது, மாதக்கணக்கில் வலித்தது என்று ஒரு பழைய கதையும் இருக்கும். பிறவி இணைப்பில் அந்த ஓர் இடத்தைத் தவிர மீதி மணிக்கட்டு சுத்தமாக இருக்கும்.

தனியாக வரும் பிறவி இணைப்பு பெரும்பாலும் ஒரே வரிசைக்குள் இருக்கும். முதல் வரிசை எலும்பு இரண்டாம் வரிசை எலும்போடு சேர்ந்திருந்தாலோ, பல எலும்புகள் கூட்டாகச் சேர்ந்திருந்தாலோ, டாக்டர் உடம்பின் மற்ற பாகங்களையும் பார்ப்பார். இதயத்தையும் கையையும் சேர்த்துப் பாதிக்கும் ஹோல்ட்–ஓரம், ஆறு விரலும் குள்ளமும் சேர்ந்து வரும் எல்லிஸ்–வான் கிரெவெல்ட் போன்ற பிறவிக் குறைபாடுகளில் மணிக்கட்டு இணைப்பும் ஓர் அங்கமாக வருவதுண்டு. இவை அரிது. குழந்தைக்கு விரல் அமைப்பிலோ உயரத்திலோ வேறுபாடு இருந்து, இதயத்தில் முணுமுணுப்பு கேட்பதாகவும் சொல்லியிருந்தால், மணிக்கட்டுப் படத்தைக் குழந்தை மருத்துவரிடம் காட்டத் தவறக் கூடாது.

இந்த வரி உள்ள ரிப்போர்ட் கையில் கிடைத்தால் டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முழு இணைப்பா, பாதி இணைப்பா? ஒரே வரிசைக்குள்ளா, வரிசை தாண்டியா? என் வலி சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறதா? மூன்றாவதற்கு அவர் படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, மணிக்கட்டின் பின்புறம் லூனேட்டும் ட்ரைக்விட்ரமும் சேரும் இடத்தை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த பிலிமையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை எங்காவது விழுந்து வேறொரு ஊரில் வேறொரு டாக்டர் படம் எடுத்தால், ஸ்கேஃபாய்டுக்குப் பக்கத்தில் அந்த அகலமான கோடு அவர் கண்ணிலும் படும். அது பழசு என்று காட்ட இந்த பிலிம் வேண்டும்.